கொழும்பிலிருந்து கித்துல்கல: கயாக் ஓட்டத் தெரிஞ்சவங்க கைடோட ஆத்துல இறங்குறது எப்படி

பொல்கொட வாவியில ஞாயிறு விடிய ரெண்டு மணித்தியாலம் நிக்காம துடுப்புப் போடுற ஆளா நீங்க? நல்லது, கையில தெம்பு இருக்கு, அவ்வளவுதான். அதை ஆத்து அனுபவம் எண்டு நினைச்சு, களனி ஆறு ஓடுற கித்துல்கலயில கைடுக்கு ஃபோன் எடுத்து "நான் எக்ஸ்பீரியன்ஸ்ட்" எண்டு சொல்லிடாதீங்க, நான் சொன்னனான், அதுக்குப் பிறகு நடந்ததைக் கீழ சொல்லுறன்.

வாவித் தண்ணி நீங்க தள்ளுற பக்கம் போகும். ஆத்துத் தண்ணிக்கு அதுக்கெண்டு ஒரு போக்கு இருக்கு, நீங்க அதோட கதைச்சுப் பேசித்தான் போகணும். அதால கைட் ட்ரிப் ஒண்டு புக் பண்ண முதல் உங்களையே நாலு கேள்வி கேளுங்க. ஓடுற தண்ணியில கவிழ்ந்தா கயாக்குக்குள்ள இருந்தபடியே ரோல் பண்ணி எழும்ப ஏலுமா, நீச்சல் தடாகத்துல இல்ல, ஓடுற தண்ணியில, ரெண்டு பக்கமும்? ஆத்துக்குக் குறுக்கால கீழ இழுபடாம ஃபெரி பண்ணி அக்கரைக்குப் போக ஏலுமா? ஒரு கல்லுக்குப் பின்னால தண்ணி திரும்பி மேல்நோக்கிச் சுத்துற இடம் இருக்கே, அதைத்தான் எடி எண்டு சொல்லுறது, அங்க நிக்கணும் எண்டு நினைச்சா நினைச்ச எடியிலேயே போய் நிக்கிறீங்களா இல்ல அதுக்கு அடுத்ததுலயா? கடைசியா, கயாக்கை விட்டு வெளிய வந்து ஒரு ரேபிட்டை, அதாவது கல்லுக்கு ஊடால தண்ணி வேகமாக் கொந்தளிச்சு ஓடுற இடத்தை, நீந்திக் கடந்திருக்கீங்களா? இந்த நாலுல ஒண்டுக்குத் தயங்கினாலும் பரவாயில்ல, ஆனா அதை அப்படியே கைடுக்குச் சொல்லுங்க. அவர் அதுக்கேத்த மாதிரி பகுதியைத் தெரிவு செய்வார். பொய் சொன்னா அவருக்குத் தெரிய வர்றது நடு ஆத்துலதான்.

ஆத்தைக் கஷ்டத்தை வச்சு 1 முதல் 6 வரைக்கும் தரம் பிரிப்பாங்க, 1 எண்டா சும்மா ஓடுற தண்ணி, 6 எண்டா உயிரோட விளையாட்டு. கித்துல்கலயில டூரிஸ்ட் ராஃப்ட், அதாவது காத்தடைச்ச ரப்பர் படகு, போற பகுதி சாதாரணமா 2, 3 தரம். கேக்க லேசா இருக்கும், ஆனா 3 எண்டு சொல்லுறது அண்டைக்கு ஓடுற தண்ணி அளவுக்குத்தான், மேல மழை கொட்டினா அதே கல்லு, அதே வளைவு, ஆனா வேற ஆறு. அந்த டூரிஸ்ட் பகுதிக்கு மேல்பக்கம் ஆறு ஒடுங்கி, சரிவு கூடி, கல்லு நெருங்கி வரும், அனுபவக்காரரைக் கைட்மார் கூட்டிட்டுப் போறது அந்தப் பக்கம்தான். முதல் தடவை போறீங்க எண்டா என்னதான் கெட்டிக்காரனா இருந்தாலும் காலையில கீழ்ப் பகுதியை ஒருக்கா ஓட்டிக் காட்டிட்டு பிறகு மேல போங்க. கைட் உங்களைப் பாக்கிறதுக்கும் நீங்க அவரைப் பாக்கிறதுக்கும் அந்த ஒரு மணித்தியாலம் போதும்.

இனி கைட் பிடிக்கிற விசயம். இதுலதான் எங்கட ஆட்கள் காசைப் பாத்து ஏமாறுறது. நான் முதல் தடவை போன இடம், பேர் வேணாம், ஃபோன்ல ஒரு கேள்வி கேக்கல, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவீங்க, சாப்பாடு வேணுமா, அவ்வளவுதான். அங்க போனா ஹெல்மெட்டுக்குப் பக்கிள் இல்ல, கயிறைப் போட்டு முடிச்சுக் கட்டித் தந்தாங்க, கைட் எண்டு வந்த பெடியன் ராஃப்ட் ஓட்டுற ஆள், கயாக்ல அவர் எங்களை விடப் புதுசு. நல்ல கைட் எண்டா உங்கட கேள்விக்குப் பதில் சொல்லுறதை விட உங்களைக் கூடக் கேள்வி கேப்பார். கடைசியா எப்ப ஆத்துல இறங்கினீங்க, எந்த ஆறு, தோள்பட்டை எப்பயாவது கழண்டிருக்கா, ஆஸ்துமா இருக்கா, எத்தனை கிலோ எண்டெல்லாம். எரிச்சலா இருக்கும், அந்த எரிச்சலுக்குத்தான் நீங்க காசு குடுக்கிறது.

நீங்க கேக்க வேண்டியது: இந்தப் பகுதியை நீங்க கடைசியா எப்ப ஓட்டினது? இதுதான் முதல் கேள்வி, "பத்து வருசமா ஓட்டுறன்" எண்டு பதில் வந்தா திருப்பிக் கேளுங்க, பத்து வருசம் இல்ல அண்ணா, போன கிழமை போனீங்களா? ஏனெண்டா பெரிய வெள்ளம் ஒண்டு வந்து போனா ஆத்தோட அடி மாறும், கல்லு உருளும், கரையில நிண்ட மரம் வேரோட வந்து நடு ஆத்துல குறுக்க கிடக்கும். 2016 மே மாசம், 2025 நவம்பர் டிட்வா புயல், களனிக் கரையில இருந்த ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல. பழைய ஞாபகத்துல ஓட்டுற கைட் ஆபத்து. பிறகு கேளுங்க, ஆத்து மீட்புப் பயிற்சி எடுத்திருக்கீங்களா, முதலுதவி தெரியுமா, ஒரு கைடுக்கு எத்தனை கயாக், முன்னுக்கு ஒருத்தர் பின்னுக்கு ஒருத்தர் வருவீங்களா, நடுவில வெளிய ஏற வேண்டி வந்தா ரோட்டுக்கு வழி எங்கெங்க இருக்கு. கடினமான பகுதிக்கு ஒரு கைட் ஆறு கயாக் எண்டா நான் போக மாட்டன். மூண்டு நாலு பேருக்கு ரெண்டு கைட் எண்டா சரி. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில பதிஞ்ச இடமா எண்டும் கேளுங்க, கேக்கிறதால கோவிச்சுக்கொண்டா அதுவும் ஒரு பதில்தான்.

இப்ப நான் உண்மையாவே எழுத நினைச்ச விசயத்துக்கு வாறன், தண்ணி. கித்துல்கலயில ஓடுற களனி மழைத் தண்ணி மட்டும் இல்ல. மேல காசல்ரீ, மவுசாக்கலை, கேன்யன், நோர்ட்டன், லக்ஸபான எண்டு வரிசையா அணையும் குளமும், அதுக்குக் கீழ பொல்பிட்டிய மின் நிலையம், அதுக்குப் பிறகு புதுசா 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ். அதாவது ஆத்துல எவ்வளவு தண்ணி எண்டு தீர்மானிக்கிறதுல பாதி வானம், பாதி மின் நிலையங்கள். கொழும்பில பின்னேரம் ஆறரைக்கு ஒவ்வொரு வீட்டிலயும் லைட், டீவி, ரைஸ் குக்கர், ஏசி எல்லாம் ஒண்டாப் போடுறோம், ஆறரையில இருந்து இரவு பத்தரை வரைக்கும்தான் நாட்டில கரண்ட் கூடப் போற நேரம், அதுக்கு ஈடு குடுக்க மலையில தண்ணியைத் திறந்து டர்பைன் சுத்துவாங்க. வெள்ளவத்தையில நீங்க போடுற சுவிட்சுக்கும் அங்க ஆத்துல ஒரு கல்லு மறையிறதுக்கும் தொடர்பு இருக்கு எண்டு எனக்கு விளங்கின நாள் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பகல்ல ராஃப்டிங்குக்காகத் தண்ணி விடுற ஏற்பாடும் இருக்கு, எத்தனை மணிக்கு விடுறாங்க, எத்தனை மணிக்கு நிப்பாட்டுறாங்க எண்டு அன்றைய நிலவரத்தைக் கைட் காலையிலேயே கேட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கணும். தெரியாது எண்டு சொன்னா அவர் கைட் இல்ல, துணைக்கு வாற ஆள்.

நீங்களும் வீட்டில இருந்தே பாக்க ஏலும். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆத்து மட்டத்தை வெளியிடுது, களனிக்கு நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி எண்டு அளவு நிலையங்கள். கொழும்பு ஆட்கள் வெள்ள நேரம் நாகலகம் வீதி எத்தனை அடி எண்டு பாப்போம், ஆனா கயாக் போறவருக்கு அது பிரயோசனம் இல்ல, அது கடலுக்குப் பக்கத்துல. நீங்க பாக்க வேண்டியது கித்துல்கல, அதோட நோர்வூட்ல எவ்வளவு மழை எண்டது. ஒரு நாள் பாத்தா ஒண்டும் விளங்காது, ஒரு கிழமை தொடர்ந்து பாருங்க, ஏறுதா இறங்குதா எண்டதுதான் விசயம். இறங்குற ஆறு நல்லம், ஏறுற ஆத்துல இறங்கவே கூடாது, நிறம் பால்தேத்தண்ணி மாதிரி மாறி, குப்பை, கொப்பு, வாழைத்தண்டு மிதந்து வந்தா அது ஏறுற ஆறு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு போடுவாங்க, யட்டியாந்தோட்டைக்கோ கினிகத்தேனைக்கோ செம்மஞ்சள் வந்தா ஆத்தை விடுங்க, அந்த ரோட்டிலேயே போக வேணாம்.

எந்த மாசம் நல்லம் எண்டு கேப்பாங்க. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, தண்ணி தாராளம், சில நாள் தாராளம் கூடிப் போகும். ஒக்டோபர், நவம்பர்ல பின்னேர இடிமழை, காலையில வெயில் எரிக்கும், ரெண்டு மணிக்கு மலைப் பக்கம் கறுத்துடும், அந்த நேரம் வெள்ளன இறங்கி மத்தியானத்துக்குள்ள வெளிய வந்துடணும். பெப்ரவரி, மார்ச்ல தண்ணி குறைவு, கல்லு எல்லாம் வெளிய பல்லைக் காட்டும், படகு அடி தேயும், ஆனா ஆத்தோட எலும்பைப் பாக்கிறதுக்கு அதுதான் நேரம். நான் ஒருக்கா மார்ச்ல சும்மா போய் கரையால நடந்தே பாத்துட்டு வந்தனான், ஜூலையில மேல அலையாத் தெரியிற இடத்துக்குக் கீழ என்ன கல்லு எண்டு அப்பதான் தெரிஞ்சது.

போற வழி லேசு. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டா எட்டுக்கு முன்ன அங்க. ஹைலெவல் ரோட்டால அவிசாவளை, இல்லாட்டி லோலெவல் ரோட்டால கடுவெல, ஹங்வெல்ல, அவிசாவளை, பிறகு ஹட்டன் ரோட்டைப் பிடிச்சு கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, கித்துல்கல. லோலெவல் பக்கம் போனா பல இடத்துல களனி கூடவே வரும், எங்கட வீட்டுக் குழாய்க்கு அம்பத்தளையில இருந்து வாற தண்ணியும் இதுதான், கடைசியில மட்டக்குளியில கடல்ல விழுறதும் இதுதான். சொந்தக் கயாக் இல்லாதவங்க ஹட்டன் பஸ்ல ஏறினாலே போதும், கித்துல்கல ரோட்டோரத்திலேயே இறங்கலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு இறங்காதீங்க, அவிசாவளையில ரெண்டு ரொட்டி, ஒரு ப்ளேன்டீ, வாழைப்பழம் ஒண்டு கையில.

சாமான் விசயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம். கயாக், துடுப்பு அங்க வாடகைக்கு எடுங்க, ஆனா ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஸ்ப்ரே டெக் (தண்ணி உள்ள வராம இடுப்பைச் சுத்தி கயாக் வாயை மூடுற துணி) மூண்டும் உங்கட உடம்புக்குப் பழகினது இருந்தா நல்லம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுட்டு நண்பர் ஒருத்தரை ரெண்டு தோள்பட்டையிலயும் பிடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்க, காது வரைக்கும் வந்தா அது உங்களுக்கு இல்ல. விசில் ஒண்டு ஜாக்கெட்டில கட்டியிருக்கணும். காலுக்கு விரல் மூடின, கழண்டு போகாத சப்பாத்து, பாட்டா செருப்பு முதல் ரேபிட்லயே மட்டக்குளிக்குப் போயிடும். பருத்தி டீஷர்ட், டெனிம் வேணாம், ஊறிப் பாரமாகும். மூக்குக்கண்ணாடிக்காரர் பின்னால நாடா போட்டுக் கட்டுங்க. அட்டைக்குச் சவர்க்காரம் பூசினா கொஞ்சம் பிடிக்காது, பிடிச்சாலும் ஒண்டும் ஆகாது, எங்கட சித்தி கேட்ட மாதிரி "அட்டை கடிக்கிற இடத்துக்கு ஏன் போறாய்" எண்ட கேள்விக்கு மட்டும் என்னட்ட மருந்து இல்ல.

இப்ப அந்தக் கதை. ரெண்டாவது தடவை நல்ல கைட், யட்டியாந்தோட்டைப் பக்கம் தோட்டத்துல பிறந்த அண்ணா ஒருத்தர், தமிழும் சிங்களமும் ஒரே மூச்சுல கதைப்பார். நான் வாயால எக்ஸ்பீரியன்ஸ்ட் எண்டு சொல்லி, கரையிலேயே கயாக்ல ஏறி, ஸ்டைலா ஸ்ப்ரே டெக்கைச் சுத்திவர மாட்டிட்டு குந்தியிருந்தனான். அவர் வந்து ஒண்டும் கதைக்கல, குனிஞ்சு ஸ்ப்ரே டெக்கின்ட முன் விளிம்பை ஒரு விரலால தடவினார். "லூப் எங்க தம்பி?" எண்டார். முன்னுக்கு ஒரு நாடா வளையம் இருக்கும், கவிழ்ந்தா அதைப் பிடிச்சு இழுத்தாத்தான் டெக் கழண்டு நீங்க வெளிய வர ஏலும், நான் அதை உள்ளுக்குப் போட்டு மூடிட்டன். தலைகீழா, தண்ணிக்குள்ள, கையால தடவித் தேடியிருப்பன், இருந்திருக்காது. அண்டைக்கு அவர் என்னை மேல் பகுதிக்குக் கூட்டிட்டுப் போகல, நானும் கேக்கல. அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் எனக்கொரு பழக்கம், டெக் மாட்டினதும் கண்ணை மூடிட்டு லூப்பை ஒருக்கா பிடிச்சுப் பாக்கிறது. நீங்களும் செய்யுங்க, கண்ணை மூடிட்டு, ஏனெண்டா தண்ணிக்குள்ள கண் உதவாது.

அவரிட்டப் பழகின இன்னொண்டு. ஆத்துல இறங்க முதல் தண்ணி தொடுற விளிம்பில ஒரு சின்னக் கல்லை வைப்பார், பிறகுதான் சாமான் இறக்கிறது, ப்ரீஃபிங் எண்டு விளக்கம் குடுக்கிறது எல்லாம். கால் மணித்தியாலம் கழிச்சு வந்து அந்தக் கல்லைப் பாப்பார். நனைஞ்சிருந்தா, மூடியிருந்தா, ஏறுது. ஒரு ஆப்பும் வேணாம், நெட்வேர்க்கும் வேணாம். ரெண்டு விரல் அளவு ஏறினா யோசிப்பார், உள்ளங்கை அளவு ஏறினா சாமானைத் திருப்பி வாகனத்துல ஏத்துவார்.

ப்ரீஃபிங் நேரம் ஃபோனை வையுங்க. ரேபிட் சத்தத்துல தமிழும் கேக்காது சிங்களமும் கேக்காது, துடுப்புத்தான் பாஷை. துடுப்பை நேரா மேல பிடிச்சா வா, குறுக்கால படுக்கையாப் பிடிச்சா நில்லு, மேல பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டினா உதவி வேணும், சரிஞ்சு ஒரு பக்கம் காட்டினா அந்தப் பக்கம் போ. கல்லு இருக்கிற பக்கத்தை ஒருநாளும் காட்டுறதில்ல, போக வேண்டிய பக்கத்தை மட்டும்தான். தலையில கையால தட்டினா நான் ஓகே. விசில் ஒண்டு எண்டா என்னைப் பார், மூண்டு எண்டா ஆபத்து. ஆத்துல வலது இடது எண்டு சொல்லுறது தண்ணி போற பக்கம் பாத்து நிண்டு சொல்லுறது, நீங்க மேல பாத்துத் திரும்பி நிண்டாலும் அது மாறாது. கைடுக்குக் கைட் இந்தச் சைகைகள்ல சின்ன வித்தியாசம் இருக்கும், அதால கரையில வச்சு ஒருக்கா எல்லாரும் செய்து காட்டுங்க.

தண்ணியில இறங்கினா கைட் முன்னுக்கு, நீங்க இடைவெளி விட்டு. ஒட்டி ஒட்டிப் போகாதீங்க, முன்னால போறவர் ஒரு கல்லுல மாட்டினா நீங்க அவர் மேல ஏறிடுவீங்க. எடியில இருந்து எடிக்கு, ஒவ்வொருத்தரா, முன் ஆள் நிண்டு துடுப்பைத் தூக்கின பிறகுதான் அடுத்தவர். வளைவுக்கு அங்கால தெரியலயா, ஆறு திடீரெண்டு ஒரு கோடு மாதிரி அடிவானத்துல முடியுதா, நில்லுங்க, கரையில ஏறி நடந்து போய்ப் பாருங்க. கைட் பாக்கிறார் எண்டு நீங்க கயாக்லயே குந்திட்டு இருக்காதீங்க. அவர் எங்க போறார் எண்டு பின்னால ஒட்டிட்டுப் போறது அனுபவம் இல்ல, நீங்களும் போய்ப் பாத்து, நான் இப்படிப் போனா என்ன எண்டு கேட்டு, அவர் ஏன் வேணாம் எண்டு சொல்லுறார் எண்டு விளங்கினாத்தான் நீங்க குடுத்த காசுக்கு ஏதோ கொண்டு வாறீங்க. எனக்கு இதுதான் கைட் ட்ரிப்பின்ட முழு ருசியும், பாறையில ஈரச் சப்பாத்தோட குந்தி ஒரு சருகைத் தண்ணியில போட்டு அது எந்தப் பக்கம் இழுபடுது எண்டு ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு இருக்கிறது.

எல்லாரும் அலைக்குப் பயப்படுவாங்க, பயப்பட வேண்டியது மரத்துக்கு. விழுந்த மரம், மூங்கில் பத்தை, கொப்புக்கு ஊடால தண்ணி போகும், ஆள் போக மாட்டார், வடிகட்டியில தேயிலை நிக்கிற மாதிரி அங்கேயே நிப்பீங்க. தூரத்துல கண்டாலே மற்றப் பக்கம் போங்க. அதுக்கு அடுத்தது அடி குடைஞ்ச பாறை, அலை பாறையில மோதித் திரும்பி வரணும், மோதாம அப்படியே உள்ளுக்குப் போனா அடியில பொந்து. பாறையில பக்கவாட்டா மோதுப்பட்டா உள்ளுணர்வு பாறையை விட்டு விலகச் சொல்லும், நீங்க பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதுக்கு மேல சாயுங்க, எதிர்ப் பக்கம் சாஞ்சா தண்ணி டெக்கில ஏறிக் கவிழ்த்துடும்.

ரோல் வரல, வெளிய வந்துட்டீங்க எண்டா மல்லாந்து, கால் கீழ்நோக்கி, கால்விரல் தண்ணிக்கு மேல. எழும்பி நிக்க மட்டும் பாக்காதீங்க, முழங்கால் அளவுத் தண்ணியிலகூட கல்லு இடுக்குல கால் மாட்டினா தண்ணி உங்களை முன்னுக்கு மடிச்சுப் போடும், நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆட்களும் அப்படித்தான் போறது. கைட் த்ரோ பேக், அதாவது மீட்புக் கயிறு உள்ள பை, எறிஞ்சா பையைப் பிடிக்காதீங்க, கயிறைப் பிடிச்சு, மல்லாந்து, தோளுக்கு மேலால வச்சு நெஞ்சோட பிடியுங்க, கையில சுத்தவே கூடாது. துடுப்புப் போனாப் போகட்டும்.

அவர் ஒரு இடத்துல "இண்டைக்கு வேணாம், தூக்கிட்டு நடப்பம்" எண்டு சொன்னா கயாக்கைத் தோள்ல வச்சுட்டு நடங்க. நான் ஒருக்கா நண்பரோட போய், அவர் "நான் காசு குடுத்திருக்கிறன்" எண்டு சண்டை பிடிச்சார், அண்ணா சிரிச்சுக்கொண்டே அவர்ட கயாக்கையும் சேத்துத் தூக்கிட்டு நடந்தார்.

கரையில நிக்கிற வாகனத்துல காய்ஞ்ச உடுப்பு, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் நம்பர், வீட்டில ஒருத்தருக்கு எத்தனை மணிக்கு வெளிய வருவோம் எண்ட மெசேஜ், இது மூண்டும் முதலே இருக்கணும். வெட்டுக்காயம் இருந்தா நல்ல தண்ணியில கழுவி மருந்து போடுங்க, காயத்தோட இறங்கவே வேணாம், ஏனெண்டா எலிக்காய்ச்சல். மழைக் காலத்துல அந்தப் பக்கம் அது சும்மா விசயம் இல்ல, போக முதல் டொக்டரிட்டயோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலயோ தடுப்பு மாத்திரை வேணுமா எண்டு கேளுங்க. திரும்பி வந்து ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு எண்டு வந்தா, பனடோல் போட்டுட்டுப் படுக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, கொழும்பில காய்ச்சல் எண்டாலே டெங்குதான் முதல்ல நினைவுக்கு வரும், அதால அவங்க கேக்காட்டியும் நான் ஆத்துல நிண்டனான் எண்டு வாயைத் திறந்து சொல்லுங்க.